பூவனஅள்ளிச் சந்தைக்கு வந்த பாதுகாப்பு

அரசாங்கம் நம்மை மறந்திருக்கும்வரை நமக்குப் பெரிய குறை ஒன்றும் வருவதில்லை. தண்ணீர் வராது, பஸ் வராது, ரோடு வராது. அதற்கெல்லாம் பழகிக்கொள்ளலாம். என்றைக்கு அதற்கு நம்மேல் அக்கறை வருகிறதோ அன்றைக்குத்தான் நமக்குச் சனி பிடிக்கும். பூவனஅள்ளி மாட்டுச் சந்தையின்மேல் அந்த அக்கறை போன வருடம் தை மாதத்தில் வந்து விழுந்தது.

காரிமங்கலத்திலிருந்து பாலக்கோட்டுக்குப் போகிற வழியில் உள்ளே திரும்பினால் பூவனஅள்ளி. மற்ற நாட்களில் அந்த மைதானத்தில் புளியமரங்களும் உடைந்துபோன ஓர் அடிபம்பும்தான் இருக்கும். வியாழக்கிழமை விடிந்தால் கால் வைக்க இடமிருக்காது. மாரண்டஹள்ளிப் பக்கத்து உழவு மாடுகள் வரும், கடத்தூர்ப் பக்கத்துக் கறவைகள் வரும், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கன்னட வியாபாரிகள் லாரியோடு வருவார்கள். தமிழும் கன்னடமும் தெலுங்குமாகப் பேசி, புளுகி, சண்டை பிடித்து, டீ குடித்து, பொழுது சாய்வதற்குள் கலைந்துவிடுவார்கள். ஊருக்கு நினைவு தெரிந்து அங்கே நடந்த பெரிய அசம்பாவிதம், ஒரு கிடாரி போண்டாக் கடைக்குள் புகுந்து கரைத்து வைத்திருந்த மாவைக் குடித்ததுதான்.

தீர்த்தகிரி அந்தச் சந்தையில் தரகர். ஐம்பதைத் தாண்டியவர். பல்லைப் பார்த்து மாட்டின் வயதையும், செருப்பைப் பார்த்து வியாபாரியின் வசதியையும் சொல்லிவிடுவேன் என்று சொல்லிக்கொள்வார். பாதி நேரம் இரண்டுமே தப்பாக இருக்கும். ஆனாலும் அவரிடம் ஜனங்கள் வந்தார்கள், ஏனென்றால் அவர் காதில் விழுந்தது வெளியே போகாது. அவருடைய கடை, கல்லாப்பெட்டி, ஆபீஸ் எல்லாமே தோளில் கிடக்கிற பச்சைத் துண்டுதான். விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் அந்தத் துண்டுக்குள் போகும். உள்ளே விரலைப் பிடித்து விலை கேட்பார்கள், விரலை மடக்கிக் குறைப்பார்கள். வெளியே வாய் மழையைப் பற்றியும் தக்காளி விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். படிந்தால் வியாபாரம். படியாவிட்டால் கையை உருவிக்கொண்டு போய்விடலாம். விற்க வந்தவர் எவ்வளவு இறங்கினார் என்பது அடுத்த வியாபாரிக்குத் தெரியாது. இல்லாதவர்கள் மானத்தோடு மாடு விற்க இதைவிட நல்ல வழியை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்தத் தை மாதம் அமுதவல்லி தன் ஜோடிக் காளைகளைக் கொண்டுவந்தாள். புருஷன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். டிராக்டர் வந்த பிறகு வண்டி மாட்டுக்கு வேலையில்லை. காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டில் பேக்கரி வைத்திருக்கிறவர், காலையும் மாலையும் பால் ஊற்றினால் எடுத்துக்கொள்கிறேன், ஆடி மாதம்வரை பொறுப்பேன், அப்புறம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தார். காளைகளை விற்றுக் கறவை மாடு வாங்க வேண்டும். அவ்வளவுதான் அவள் திட்டம்.

"அமுதா, உன் ஜோடிய நான் வித்துக் குடுக்கறேன். நீ கவலைய வுடு" என்றார் தீர்த்தகிரி. சொன்னபடியே நஞ்சப்பனைப் பிடித்துவந்தார். நஞ்சப்பன் ஆனேக்கல் பக்கத்துக் கன்னட வியாபாரி, கறாரான ஆள், ஆனால் பேச்சு மாறாதவர். துண்டுக்குள் அமுதவல்லியின் கையும் நஞ்சப்பனின் கையும் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு விரல்தான் பாக்கி. அப்போதுதான் ஜீப் வந்து நின்றது.

ஜீப் வந்த காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். தலைநகரத்தில் சிறுவணிக இடங்கள் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். கட்டடம் இருந்தது, கார் இருந்தது, ஏசி இருந்தது. ஆபத்து மட்டும் இல்லை. வேலையில்லாத ஆணையம் சும்மா இருக்காது, ஆபத்தைத் தேடிக்கொண்டு அலையும். அப்படி அலைந்தபோது யாரோ செல்போனில் எடுத்துப் போட்ட சந்தை வீடியோ ஒன்று ஆணையர் பாரதியம்மாவின் கண்ணில் பட்டது. இரண்டு ஆண்கள், நடுவில் ஒரு துணி, துணிக்குள் கைகள், முகங்கள் வேறு வேறு பக்கம். கடைசியில் பணம் கைமாறுகிறது. இது என்ன என்று அம்மையார் கேட்டார். அறையிலிருந்த யாருக்கும் தெரியவில்லை. நமக்குத் தெரியாத ஒன்று நாட்டில் நடக்கிறதென்றால் அதற்குப் பெயர் சதி என்று முடிவாயிற்று.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் ஆணையத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் தமிழ்மணி. இஸ்திரி கலையாத சட்டை. சாணியை மிதிக்காமல் நடக்கத் தெரியாமல், மிதித்துவிட்டு அதை யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறவர்.

"துண்டுக்குள் என்ன இருந்தது?" என்றார்.

"கைங்க" என்றார் தீர்த்தகிரி.

"கையில்?"

"விரலுங்க."

"ஒரு விரலைப் பிடித்தால் என்ன பொருள்?"

"அது நூறா இருக்கும், ஆயிரமா இருக்கும், பத்தாயிரமாவும் இருக்குமுங்க."

"எது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாட்டப் பாத்தா தெரியுமுங்க."

தமிழ்மணி பேனாவைத் திறந்து, குறியீட்டின் திறவுகோல் மாட்டிடம் உள்ளது என்று எழுதிக்கொண்டார். பிறகு அமுதவல்லியின் காளைகளை இருபக்கமும் படம் எடுத்தார்கள். வாயைத் திறக்கச் சொல்லி ஒரு படம். விசாரணை முடியும்வரை மாடுகள் ஜீப் நிழலிலேயே நிற்க வேண்டும் என்றார்கள். நஞ்சப்பன் பொழுது சாய்கிறவரை பார்த்தார். "பேடப்பா, வேண்டாம், இது நமக்கு ஆகாத சமாச்சாரம்" என்று சொல்லி, லாரியில் ஏறிப் போய்விட்டார்.

அமுதவல்லி தீர்த்தகிரியைப் பார்த்தாள். "அடுத்த வாரம் முடிச்சுடலாம்மா" என்றார் அவர். நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்.

அடுத்த வாரம் சந்தை நடக்கவில்லை, கூட்டம் நடந்தது. பஞ்சாயத்துச் சமுதாயக் கூடத்தில் நாற்காலி போட்டு, ஆணையரே வந்திருந்தார். வியாபாரிகளும் விவசாயிகளும் தரையில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு சமோசா கொடுத்தார்கள், பாதுகாப்புக் காரணங்களுக்காக உள்ளே இருந்த உருளைக்கிழங்கைப் பிட்டுப் பார்த்துவிட்டு.

"சிறுவணிகர்கள்தான் நம் பொருளாதாரத்தின் முதுகெலும்பு" என்று ஆரம்பித்தார் பாரதியம்மா. "முதுகெலும்பின் சிறப்பு என்ன? அது வளையும். வளையத் தெரிந்தவர்களைத்தான் அரசு நம்புகிறது. சுதந்திரம் இல்லாமல் வணிகம் இல்லை என்பதை ஆணையம் முழுமையாக ஏற்கிறது. ஆகவே உங்கள் சுதந்திரம் காணாமல் போய்விடாமல் இருக்க, அதை எங்களிடம் ஒப்படைத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பாதுகாப்பும் வணிகச் சுதந்திரமும் ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு காளைகள். ஒன்று முந்தினாலும் வண்டி கவிழும். இரண்டையும் சமமாக இழுத்துப் பிடித்து நிறுத்துவதுதான் சமநிலை."

மாட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் தீர்த்தகிரி தைரியமாக எழுந்தார். "அம்மா, ரெண்டையும் இழுத்துப் புடிச்சா வண்டி நவுராதுங்களே."

"நல்ல கேள்வி. நகராத வண்டி கவிழ்ந்ததாக எங்கேயும் பதிவு கிடையாது."

கூடம் கை தட்டியது. தீர்த்தகிரிக்கும் அது சரியாகத்தான் பட்டது, அவரும் தட்டினார். ஆனாலும் ஒன்று உறுத்தியது. "வண்டியில என்னங்க பாரம்?" என்று கேட்டார்.

"நாங்கள்தான் உட்கார்ந்திருக்கிறோம். நீங்கள் பயப்படவே வேண்டாம்" என்றார் ஆணையர் அன்போடு.

அதற்கடுத்த வியாழக்கிழமை சந்தைக்குப் புதுத் துண்டு வந்தது. பிளாஸ்டிக் துண்டு, உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியும். பழைய வழக்கத்தை ஆணையம் மதிக்கிறது, துண்டு போட்டே விலை பேசலாம், கேமராவுக்கு விரல் தெரிந்தால் போதும் என்றார் தமிழ்மணி. முதலில் வந்த துண்டுகளில் ஆணையத்தின் சின்னத்தை நட்ட நடுவில் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். ஜனங்கள் அந்தச் சின்னத்துக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு நிம்மதியாக வியாபாரம் பேசினார்கள். மதியத்துக்குள் இது தெரிந்துபோய் அத்தனை துண்டையும் பிடுங்கிக்கொண்டு, சின்னம் ஓரத்தில் இருக்கிற துண்டுகளைக் கொடுத்தார்கள்.

பச்சைத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தீர்த்தகிரி பிளாஸ்டிக் துண்டை விரித்தார். அமுதவல்லியும் நஞ்சப்பனும் கையை விட்டார்கள். உள்ளே வேர்த்து வழிந்தது. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது, கிரிக்கெட் பார்க்கிற மாதிரி. "மூணு புடிச்சுட்டாரு." "அந்தம்மா ஒண்ணு மடக்குது பாரு." "அட, எறங்கிடுச்சு." அமுதவல்லி எதுவரை இறங்குவாள் என்பது சந்தை முழுக்கத் தெரிந்துபோயிற்று. பக்கத்திலிருந்த இன்னொரு வியாபாரி அதற்கும் கீழே கேட்டான். நஞ்சப்பன் கையை உருவி வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஊர் பார்க்கத் துணி மாற்றச் சொன்னது போல அமுதவல்லிக்குக் கூசியது. அன்றைக்கு மாட்டைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் போனவள் திரும்பியே பார்க்கவில்லை.

பங்குனியில் வாசல் வந்தது. இரும்பைக் கண்டால் கத்துகிற வாசல். அதன் வழியாகத்தான் எல்லா மாடும் உள்ளே போக வேண்டும். முதலில் நுழைந்த காளைக்கே அது கத்திய கத்தலில், காளை வாசலையும் இழுத்துக்கொண்டு புளியமரம்வரை ஓடியது. வாசலைத் திரும்ப நட்டு, அடுத்த மாட்டை விட்டார்கள். கத்தியது. அடுத்தது. கத்தியது. மாட்டுக்குள் என்ன ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று தமிழ்மணி தீர்த்தகிரியைக் கேட்டார்.

"ஒளிக்கலீங்க. லாடமுங்க. மாட்டுக் காலுல அடிக்கற இரும்பு."

"இரும்பை ஏன் காலில் அடிக்கிறீர்கள்?"

"ரோட்டுல நடக்கோணுமில்லீங்களா."

"அரசு போட்ட ரோட்டில் நடக்க இரும்புக் கவசம் எதற்கு?" என்றார் தமிழ்மணி. அந்த ரோட்டைப் பார்த்தவர் யாரும் பதில் சொல்லிவிடலாம், ஆனால் சொன்னவர் வீடு போய்ச் சேர முடியாது.

அதனால் வாசலுக்கு வெளியே ஒரு லாடக்காரரை உட்கார வைத்தார்கள். உள்ளே போகும்போது மாட்டைப் படுக்கப் போட்டு லாடத்தைப் பிடுங்குவது, வெளியே வரும்போது திரும்ப அடிப்பது. கொம்பு கூர்மையான பொருள் என்பதால் ஒவ்வொரு நுனிக்கும் ஒரு ரப்பர் பந்து. ஓட்டி வருகிறவர் கையில் குச்சி இருக்கக் கூடாது, குச்சி ஆயுதம். வேண்டுமானால் மாட்டிடம் பேசிப் பார்க்கலாம். இப்படியாக அமுதவல்லியின் காளைகள் கொம்பில் பந்தும், காலில் ஆணி பிடுங்கிய வலியுமாக நொண்டிக்கொண்டு நஞ்சப்பன் முன்னால் வந்து நின்றன.

நஞ்சப்பன் சுற்றிவந்து பார்த்தார். "எத்து சென்னாகிதெ" என்றார். எருது நன்றாகத்தான் இருக்கிறது. "ஆனா நொண்டுற மாட்ட நான் எப்படி வாங்கறது? ஊர்ல சிரிக்க மாட்டாங்களா?"

"வெளிய போனா நொண்டாதுங்க" என்றார் தீர்த்தகிரி.

"அப்ப வெளியவே வாங்கிக்கறேன்."

வெளியே வாங்கினால் அது குற்றம். அதையும் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

சித்திரையில் விலைப்பலகை வந்தது. இதை வெளிப்படைத்தன்மை என்றார்கள். எந்த மாடு என்ன விலைக்குப் போனாலும் உடனே பெரிய பலகையில் சிவப்பு எழுத்தில் ஓடும், ஒலிபெருக்கியிலும் அறிவிப்பார்கள். அன்றைக்குச் சந்தையில் யாரும் முதல் மாட்டை விற்கவில்லை. முதலில் விற்கிறவன் விலைதான் எல்லோருக்கும் விலையாகும் என்று விற்க வந்தவர்களுக்குத் தெரியும். முதலில் வாங்குகிறவன் கொஞ்சம் ஏமாந்தாலும் ஊரே சிரிக்கும் என்று வாங்க வந்தவர்களுக்குத் தெரியும். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தார்கள். பலகை "வருக வருக" என்று ஓடிக்கொண்டிருந்தது.

மதியம் போல், முதல் விற்பனை செய்கிறவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் என்று அறிவித்தார்கள். சான்றிதழுக்கு ஆசைப்பட்ட ஒரு பெரியவர் நடக்கவே முடியாத கிழட்டுப் பசு ஒன்றை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். அந்த விலை பலகையில் ஏறியதுதான் தாமதம், சந்தையிலிருந்த அத்தனை வியாபாரியும் அதைக் கையால் காட்டி, ஈன்று நிற்கிற கறவையையும் அதே விலைக்குக் கேட்டார்கள். அமுதவல்லியின் ஜோடிக்கும் அதே விலைதான். சந்தையில் இவ்வளவு ஒற்றுமையைத் தாம் எங்குமே பார்த்ததில்லை என்று தமிழ்மணி மேலே அறிக்கை அனுப்பினார்.

கொஞ்சம் பேர் சந்தைக்குப் போகாமல் ஏரிக்கரையில் கூடிப் பேசினார்கள். ஆணையம் விடவில்லை. எங்கே ஒரு துணிக்கு அடியில் இரண்டு கை போகிறதோ அந்த இடம் சந்தைதான் என்று ஓர் உத்தரவு வந்தது. அந்த உத்தரவில் முதலில் மாட்டியது அன்பு சலூன். முடி வெட்டிக்கொள்கிறவர் கழுத்திலிருந்து துணி போர்த்தி, இரண்டு கையையும் உள்ளே வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவரிடம் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார். எல்லாம் பொருந்தி வந்தது. அன்றிலிருந்து பூவனஅள்ளியில் முடி வெட்டிக்கொள்கிறவர்கள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு உட்கார வேண்டும். அன்பு பாவம், முழங்கைகளுக்கு நடுவில் கத்தரிக்கோலை விட்டு வெட்டிப் பார்த்துவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு ஓசூருக்கே போய்விட்டான்.

வைகாசியில் சந்தைக்கு வந்தது கண்காணிப்பு ஆட்கள் மட்டும். போண்டாக் கடைக்காரர் அவர்களை நம்பிக் கொஞ்ச நாள் எண்ணெய் காய்ச்சினார். அவர்கள் பணம் கொடுக்கிற ரகம் இல்லை என்று தெரிந்ததும் அடுப்பை அணைத்தார்.

தீர்த்தகிரிக்குத் தரகு நின்றுபோய் வெகுநாள் ஆகியிருந்தது. வீட்டில் மனைவி ராமக்காள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவளுடைய செவலைப் பசு கறக்கிற பாலில்தான் வீட்டில் உலை கொதித்தது. வழியில் அமுதவல்லியைப் பார்த்தால் அவருக்குத் தலை குனிந்துகொள்ளும். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். "தீவனத்துக்குத்தாண்ணா கஷ்டமாயிருக்குது" என்று மட்டும் சொல்வாள். அவளுக்குக் கொடுத்த வாக்கு அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. வேறு எதைப் பற்றியும் அவருக்கு இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் தமிழ்மணி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் ஏசி ஓடியது. ஒருங்கிணைப்பாளரின் முகம் மட்டும் வேர்த்திருந்தது.

"மேலே ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார்கள். அசம்பாவிதம் சுத்தமாக இல்லை. மாநிலத்திலேயே பாதுகாப்பான சந்தை நம்முடையதுதான்" என்றார்.

"சந்தோசமுங்க."

"ஆனால் விற்பனையும் சுத்தமாக இல்லை. பாதுகாப்பு ஒரு கண், வணிகம் ஒரு கண் என்கிறார் ஆணையர். இந்தக் கண்ணை மூடிவிட்டீர்களே என்று கேட்கிறார். வாரத்துக்கு ஒரு மாடாவது விற்க வேண்டும்."

"அமுதவல்லி ஜோடி இருக்குதுங்க. வாசலும் பலகையும் இல்லீன்னா இன்னைக்கே போயிரும்."

தமிழ்மணி அதைக் காதில் வாங்கவில்லை. தீர்த்தகிரியை முன்மாதிரி வணிகர் ஆக்குவதாகச் சொன்னார். அடையாள அட்டை உண்டு, மாதாமாதம் மதிப்பூதியம் உண்டு. வீட்டிலிருக்கிற செவலைப் பசுவைக் கொண்டுவந்து, சந்தைக் காவலாளி முனியப்பனுக்கு விற்க வேண்டும். அவர் அடுத்த வாரம் இவருக்கே திரும்ப விற்பார். பணம் ஆணையத்தினுடையது, போய்விட்டு வந்துவிடும்.

"அப்ப அமுதவல்லி?"

"விற்பனை சூடு பிடிக்கட்டும். முதல் ஆளாக அந்தம்மா மாட்டை எடுத்துக்கொள்ளலாம். என் பொறுப்பு."

தீர்த்தகிரி ஒப்புக்கொண்டார். மதிப்பூதியத்துக்காக இல்லை, அமுதவல்லிக்காகத்தான் என்று ராமக்காளிடம் சொன்னார். ராமக்காள், "யாருக்காக வேணா இருக்கட்டும், பசுவுக்கு லாடம் அடிக்காம பாத்துக்குங்க" என்றாள்.

அப்படித்தான் செவலை விற்பனைக்கு வந்தது. ஒரு வாரம் தீர்த்தகிரி விற்றார், முனியப்பன் வாங்கினார். மறுவாரம் முனியப்பன் விற்றார், தீர்த்தகிரி வாங்கினார். பிளாஸ்டிக் துண்டுக்குள் இருவரும் கேமராவைப் பார்த்து விரலைக் காட்டினார்கள். முதலில் இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. போகப் போகச் சிரிப்பு வரவில்லை, தூக்கம் வந்தது. வளர்ச்சி காட்ட வேண்டும் என்பதால் ஒவ்வொரு வாரமும் விலையைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னார்கள். ஆனி முடிவதற்குள் செவலை ஒரு நல்ல காரின் விலையைத் தொட்டுவிட்டது. அது அப்போது பால் வற்றியிருந்தது என்பதைப் பலகையில் போட இடமில்லை.

விற்பனை சூடு பிடித்ததே, அமுதவல்லி மாட்டை எடுக்கலாமா என்று தீர்த்தகிரி வாராவாரம் கேட்டார். அவள் மாட்டுக்கு வரக்கூடிய விலை செவலையின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையே, வளர்ச்சி சரிந்து விழுமே என்று தமிழ்மணி வருத்தப்பட்டார். சரி, விருது விழா முடியட்டும் என்றார்.

விழா ஆடி மாதத்தில் வந்தது. பாதுகாப்புக்கும் வணிக வளர்ச்சிக்கும் சேர்த்து ஒரே விருது, பூவனஅள்ளிக்கு. மைதானத்தில் பந்தல், வாழைமரம், மாலை போட்ட செவலை. பாரதியம்மா பேசினார்.

"பாதுகாப்பு வந்தால் வணிகம் சாகும் என்றார்கள். பாருங்கள், இந்தச் சந்தையில் மாட்டின் விலை நாட்டிலேயே அதிகம். ஒரு கூச்சல் உண்டா? ஒரு நெரிசல் உண்டா? ஒரு சாணி உண்டா? மக்கள் இல்லாத இடத்தில் ஆபத்தும் இல்லை என்பதை நாம் நிரூபித்திருக்கிறோம். இனி இதைக் காய்கறிச் சந்தைகளுக்கும் கொண்டுபோவோம்."

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே வாசல் கத்தியது. தீர்த்தகிரி திரும்பிப் பார்த்தார். அமுதவல்லி. காளைகள் இரண்டும் விலா எலும்பு தெரிய நின்றன. தமிழ்மணி ஓடிவந்து தீர்த்தகிரியின் கையைப் பிடித்தார்.

"நிஜ மாடு, நிஜ ஆள். இப்போது உள்ளே விட்டு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? போய்ச் சொல்லி அனுப்புங்கள். உங்கள் ஆள்தானே."

தீர்த்தகிரி வாசலுக்குப் போனார். கழுத்தில் அடையாள அட்டை ஆடியது. அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

"அண்ணா" என்றாள் அமுதவல்லி. "பேக்கரிக்காரரு நாளையோட கடைசின்னு சொல்லிட்டாரு. ரோட்டுல ஒரு லாரி நிக்குது. கேரளாவுக்குப் போற லாரி. சந்தைக்கு வெளிய வாங்குனா குத்தங்கறதுக்கெல்லாம் பயப்படாதவன், அடிமாட்டு விலைக்குக் கேக்கறான். உழுத மாட்ட வெட்டுக்குக் குடுக்க எனக்கு மனசில்ல. நீங்க சொன்னீங்களேன்னு வந்தேன்."

அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும், பந்தலுக்கு நடுவில் பச்சைத் துண்டைப் போட்டு, ஆணையர் முன்னாலேயே விலை பேச வேண்டும் என்று ஒரு நிமிஷம் தீர்த்தகிரிக்கு வெறி வந்தது. பேசலாம். யாரிடம் பேசுவது? வாங்குவதற்கு உள்ளே முனியப்பன்தான் இருந்தார், அவர் கையில் ஆணையத்தின் பணம் இருந்தது, அது செவலைக்கு மட்டும்தான். நஞ்சப்பன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதே இல்லை. தீர்த்தகிரி ஒரு காளையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"இங்க எப்படிம்மா மாடு விக்கறது?" என்றார். "இது சந்தையாச்சே."

அமுதவல்லி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கிண்டல் செய்யவில்லை என்று தெரிந்ததும், கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மாடுகளை ரோட்டுப் பக்கம் திருப்பினாள். லாரிக்காரன் பின்கதவை இறக்கிப் பலகை போடுகிற சத்தம் கேட்டது.

பந்தலிலிருந்து ஒலிபெருக்கி செவலையை அழைத்தது. தீர்த்தகிரி அட்டையை எடுத்து வெளியே போட்டுக்கொண்டு, விற்கப் போனார்.